பூஜ்யம் பைட் ஃபைல்கள்

2009 தொடக்கத்தில் உபுண்டு சோதனைப் பதிப்பில் எக்ஸ்ட்4 போட்டவர்களிடமிருந்து ஒரு விநோதமான புகார் வந்தது. சிஸ்டம் கிராஷ் ஆகித் திரும்ப வந்தால் செட்டிங்ஸ் ஃபைல்கள் இருக்கின்றன, உள்ளே ஒண்ணுமே இல்லை. அளவு 0 பைட்!

காரணம், டிலேய்டு அலோகேஷன். எழுதச் சொன்ன டேட்டாவுக்கு எக்ஸ்ட்4 உடனே டிஸ்க்கில் இடம் ஒதுக்காது. மெமரியில் வைத்திருந்து, அரை நிமிஷம் கழித்துக்கூட மொத்தமாக ஒதுக்கும். ஃபைல் சிதறாது, வேகமும் கூடும். ஆனால் புது ஃபைல் எழுதி அதைப் பழைய பெயருக்கு ரீநேம் செய்தால், பெயர் மாற்றம் மட்டும் சுமார் 5 விநாடியில் ஜர்னலில் ஏறிவிடும். இடையில் கரண்ட் போச்சுன்னா பழசும் இல்ல, புதுசும் இல்ல.

எக்ஸ்ட்3 வழக்கமாக டேட்டாவை டிஸ்க்கில் இறக்கிவிட்டுத்தான் ஜர்னலை கமிட் செய்யும். அதை நம்பியே பல புரோகிராம்கள் எஃப்சிங்க் கூப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

தப்பு அப்ளிகேஷன்கள் மேல்தான் என்றார் எக்ஸ்ட்4 பராமரிப்பாளர் தியோடர் சோ. போசிக்ஸ் விதிப்படி அது சரிதான். ஆனால் டேட்டா தொலைந்தவரிடம் விதியைப் படிச்சுக் காட்டி என்ன ஆகப்போகுது? அவரே பேட்ச்சும் எழுதினார்: பழைய ஃபைலின் இடத்துக்குப் புதியது ரீநேம் ஆனால், பிளாக்குகள் உடனே ஒதுக்கப்படும். கர்னல் 2.6.30-இல் அது சேர்ந்தது. வேண்டாதவர்கள் அணைத்துவிட ஒரு மவுன்ட் ஆப்ஷனும் உண்டு.