நடந்தே வாழும் சாண வண்டு
சர்செல்லியம் பாக்கஸ்
ஆடோ யானைகள் தேசியப் பூங்கா, தென்னாப்பிரிக்கா

மற்ற சாண வண்டுகள் பறந்து வந்து சேரும் இடத்துக்கு இது நடந்தே வருகிறது. பறக்க உதவும் பின்னிறகுகள் இதற்கு இல்லை. முதுகை மூடும் கெட்டியான முன்னிறகுகள் இரண்டும் ஒட்டி ஒரே ஓடாகிவிட்டன. அந்த ஓட்டுக்கு அடியில் தேங்கும் காற்று, மூச்சு வழியே உடல்நீர் வீணாவதைக் குறைக்கிறது. மழை குறைந்த இந்தப் புதர்க்காட்டில் அது பெரும் பலம்.

உணவு
யானை லத்தியும் எருமைச் சாணமும்.

குஞ்சு வளர்ப்பு
பெண் வண்டு சாணத்தை உருண்டையாக்கி, தலைகீழாக நின்று பின்னங்கால்களால் தள்ளிச் செல்லும். ஆண் பின்தொடரும். மண்ணுக்குள் புதைத்த உருண்டையில் ஒரே ஒரு முட்டை. புழு அந்த உருண்டையைத் தின்றே வளர்கிறது. தாய் அருகிலேயே காவலிருக்கும். ஒரு தடவைக்கு ஒரு குஞ்சு என்பதால், குறைந்த எண்ணிக்கை எளிதில் மீளாது.

மண்ணுக்கு
புதையும் சாணம் உரமாகிறது. தோண்டிய மண்ணில் நீரும் காற்றும் இறங்குகின்றன.

ஒரு காலத்தில் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் பரவலாக இருந்த இந்த வண்டு, காடு விளைநிலமாகி, பெருவிலங்குகள் அழிந்ததால் சில இடங்களுக்குள் சுருங்கிவிட்டது. 1931இல் இந்தப் பூங்கா தொடங்கியபோது இங்கே எஞ்சியிருந்தவை 11 யானைகள். அவற்றுக்குக் கிடைத்த பாதுகாப்பே வண்டையும் காத்தது.

ஓட்டுநர்களே, சாலையில் கிடக்கும் லத்தி மீது வண்டியை ஏற்றாதீர்கள். வண்டுக்கு வழிவிடுங்கள்.