படிகள் உண்டு, கைப்பிடி எங்கே?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் சேரி வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன படிப்பது? படித்த குடும்பங்களில் பதில் சொல்ல ஓர் அண்ணனோ மாமாவோ இருப்பார். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. சூளைக்கும் தறிக்கும் போய்வரும் பெற்றோர், "நீயே பார்த்துக்கோ கண்ணு" என்கிறார்கள்.

பாதை இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தவர், பொறியியல் கல்லூரியிலும் அப்படியே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது தெரியாமல், கையில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஒரகடத்தில் ஒப்பந்தக் கூலியாகவே நின்றுவிட்ட இளைஞர்கள் எத்தனையோ பேர்.

பணத்துக்கும் வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய திட்டம் இது. ஆனால் வருமானச் சான்று வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஐ.டி.ஐ.யிலிருந்து பாலிடெக்னிக்குக்குப் போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று தவறினால் பணம் நிற்கும். பணம் நின்றால் படிப்பும் நிற்கும்.

எல்லையோர ஊரான நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. கோடு மாறினாலும் கொண்டான் கொடுத்தான் உறவு மாறவில்லை. நகரியிலும் புத்தூரிலும் இன்றும் நமக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். அட்டவணைச் சாதிச் சலுகை அவரவர் பூர்வீக மாநிலத்தில்தான் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தந்தைவழிப் பூர்வீகத்தைக் காட்டும் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே சாதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் காலம் கடந்துவிடும்.

1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கிய அம்பேத்கர், வேலைக்குப் போகும் ஏழை மாணவருக்காகக் காலை நேர வகுப்புகளை வைத்தார். கல்லூரியின் நேரத்துக்கு மாணவனை வளைக்கவில்லை; மாணவனின் வாழ்க்கைக்குக் கல்லூரியை வளைத்தார். நாம் கேட்பதும் அந்த அக்கறையைத்தான். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் ஐ.டி.ஐ.யிலும் விண்ணப்பம் முதல் அடுத்த படிப்பு வரை வழிகாட்டப் பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். இரண்டு பாடத்தில் தவறியவனை வீட்டுக்கு அனுப்பாமல், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க மாலை வகுப்பு வேண்டும். வராமல் போன மாணவியின் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை அழைத்துப் பேசவைக்கச் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் தெருவின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருங்கள். எந்தப் படிப்பு, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

தணிகை மலைக்கு 365 படிகள். முன்னே ஏறியவர் கை கொடுத்தால் பின்னே வருபவருக்கு மூச்சு வாங்காது. படிப்பும் அப்படித்தான்.