கரையில் ஒரு கப்பல், கடலடியில் ஒரு கப்பல்

இரண்டாம் உலக யுத்தக் கப்பலொன்றில் ஏறிப் பார்க்க விரும்புவோர் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகருக்குப் போகலாம். அங்குள்ள நூதனசாலையில் நிற்கும் 'எல்.சி.டி. 7074' என்னும் தரையிறக்கும் கலம், 1944 ஜூனில் 10 யுத்தத் தாங்கிகளை நோர்மண்டிக் கரையில் இறக்கியது. அடிப்பகுதி தட்டையானது, துறைமுகம் இல்லாமலே மணலில் ஏறி முன்கதவைத் திறந்துவிடும். அந்தப் படையெடுப்புக்குச் சென்ற இவ்வகைக் கலங்கள் 800க்கும் அதிகம். மிஞ்சியது இது ஒன்றுதான். அதுவும் பின்னர் லிவர்பூலில் இரவுக் களியாட்ட விடுதியாகி(!), கவனிப்பாரற்று மூழ்கிக் கிடந்தது. 2014இல் மிதக்கவைத்துத் திருத்தினார்கள்.

அந்த யுத்தத்தின் கப்பலொன்று நமக்கருகிலும் உண்டு. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பலான பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்', 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டுகளால் மூழ்கியது. அன்று அதில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர்.

இதையும் தூக்கிக் கரைசேர்த்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இது அந்த மனிதர்களின் அடக்கத்தலம். அப்படியே விடுவதுதான் முறை. சுமார் 50 மீற்றர் ஆழத்தில் கிடப்பதால், விசேட பயிற்சி பெற்ற சுழியோடிகள் மட்டுமே இறங்கிப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் திரும்ப வேண்டும்.