மூன்று மாதம்தான் கெடு

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசலில் மழை பொய்த்தால் பல வீடுகளில் அடுப்பெரிவது தீப்பெட்டி ஆபீஸ் கூலியில்தான். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணக்கப்பிள்ளையோ வேன் டிரைவரோ தகாத முறையில் நடந்துகொண்டால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? வாய் திறக்காமல் வேலையை விட்டு நிற்கிறார்கள். அல்லது ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறார்கள். “பேசி முடிப்போம்” என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இரண்டிலும் தப்புச் செய்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையானார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பல மாதங்களாகவே தொல்லை இருந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். தொழிற்சங்கம் விடாமல் போராடிய பிறகே, 2022 ஏப்ரலில், பெண்களின் பாதுகாப்புக்காகத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. ஆபாசப் பேச்சு, செல்போனில் படம் காட்டுவது, மறுத்தால் வேலையைக் குறைப்பேன் என்று மிரட்டுவது எல்லாமே இதில் வரும். தினக்கூலி, காண்ட்ராக்ட், வீட்டு வேலை என யாருக்கும் விலக்கில்லை. கம்பெனி அனுப்பும் வேனும் பணியிடம்தான்.

புகாரை யாரிடம் கொடுப்பது? பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த இடமென்றாலும், குற்றம் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தூத்துக்குடி கோரம்பள்ளம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் கையிலேயே கொடுக்கலாம்.

கிராமப்புறத்தில் தாலுகா தோறும் ஒரு பொறுப்பு அலுவலர் புகாரை வாங்கி, 7 நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். நடப்பதோ, ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுவது. சட்டம் வந்து 11 ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், மாவட்ட அலுவலரை நியமியுங்கள், குழுவை அமையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. இந்த அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது. திருப்பி அனுப்பினால் அசையாதீர்கள். “வாங்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள்.

மனு ஆறு பிரதி வேண்டும். தேதி, நேரம், இடம், அவன் சொன்ன சொல் அப்படியே, பார்த்தவர்களின் பெயர், முகவரி எல்லாம் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், அச்செடுத்து இணையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. உங்களுக்கென்று கூடுதலாக ஒரு பிரதி வைத்து, அதில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். சீல் இல்லாவிட்டால், நீங்கள் மனுவே கொடுக்கவில்லை என்று நாளைக்குச் சாதிப்பார்கள்.

கெடு மூன்று மாதம். தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை தரலாம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை வேறு இடத்துக்கு மாற்றம், மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டு சமரசம் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் தந்தவரைத் தண்டிக்க முடியாது. அவர் பெயரை வெளியிடுவதும் தவறு.

குழுவிடம் போனாலும் போலீஸுக்குப் போகத் தடையில்லை. கோவில்பட்டி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 75-ஆம் பிரிவில் புகார் தரலாம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவும் குற்றவாளி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 181.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. “வேலையை விட்டுடு” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கூட உட்கார்ந்து மனுவை எழுதுங்கள், கோரம்பள்ளத்துக்குத் துணைக்குப் போங்கள். மறுபடியும் சொல்கிறேன்: மூன்று மாதம்தான் கெடு.