குழாய் வழியே பார்த்து ஊரை வரைந்தவர்

ஒரு பழைய நாளிதழைக் குழாய் போலச் சுருட்டிக்கொள்ளுங்கள். ராயபுரம் ரயில் நிலையத்தின் எதிரே நின்று, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் குழாய் வழியே பாருங்கள். 1856-ல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடம் முழுவதும் தெரிகிறதா? தெரியாது. ஒரு தூண் தெரியும். குழாயை நகர்த்தினால் அடுத்த தூண் தெரியும்.

இப்படித் துண்டு துண்டாகப் பார்த்தே ஓர் ஊரை வரைந்து காட்டினார் ஓர் ஓவியர். அவர் பெயர் மனோகர் தேவதாஸ்.

1936-ல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்து, சென்னையில் பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் படம் வரைவார். வண்ணம்கூட வேண்டாம், பேனாவும் கறுப்பு மையும் போதும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், யானைமலை, சென்னையின் பழைய கட்டடங்கள் எல்லாம் மெல்லிய கோடுகளாகத் தாளில் எழுந்து நிற்கும்.

அவருடைய விழித்திரையை ஒரு நோய் தாக்கியது. முதலில் இரவில் பார்வை மங்கும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். இந்த நோய்க்கு அப்போது மருந்தே இல்லை.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. 1972-ல் நடந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது.

இருவரும் சோர்ந்து உட்காரவில்லை. மனோகர் பிரகாசமான விளக்கொளியில், சக்தி வாய்ந்த கண்ணாடி அணிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தார். மஹிமா அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுதினார். அவை வாழ்த்து அட்டைகளாக விற்பனையாயின. கிடைத்த பணம் நற்பணிகளுக்குப் போனது. தம் சிறுவயது மதுரையை நினைவிலிருந்தே எடுத்து எழுதி, படமும் வரைந்து, 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற நூலாக்கினார் மனோகர்.

2008-ல் மஹிமா மறைந்தார். மனோகரின் பார்வையும் முற்றிலும் போனது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் காலமானார்.

பார்வை போன பிறகும் மதுரை அவர் மனதில் இருந்தது. சிறுவயதில் அவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருந்தார்!

நமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. தினமும் கடந்து போகும் திருவொற்றியூர் கோயில் கோபுரத்தையோ, காசிமேட்டுப் படகையோ நாம் எவ்வளவு பார்த்திருக்கிறோம்? இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுடன் போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். அடுத்த வாரம் அந்தப் படத்தோடு மறுபடியும் போங்கள். விட்டுப்போனது என்ன என்று உங்களுக்கே தெரியும்!