மரபும் வழக்கமும் பண்பாடும்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் இறுதி இயலை மரபியல் என்றார். வள்ளுவர் பண்புடைமைக்கென ஓரதிகாரம் வகுத்தார். மரபு, வழக்கம், பண்பாடு என்னும் மூன்றையும் ஒருபொருட் சொற்களாக வழங்குதல் பொருந்தாது.

கல்முனைக் கரையோர முஸ்லிம்களிடையே 'குடி' தாய்வழியே வருகிறது, இது மரபு. மணமகளுக்குப் பெற்றோர் வீடு கொடுக்க, மணமகன் அங்கே சென்று வாழ்தல் வழக்கம். மரபு வாழையடி வாழையாய் வருவது. வழக்கம் காலத்தால் திரிவது. ஓலை வீடு கல்வீடாயிற்று. பெண்ணைப் பெற்றோர் சுமையும் பெருகிற்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த வீடுகளுட் சில, 'குடும்பத் தலைவர்' என்னும் பெயரால் ஆடவர்க்கு உரியவாயின.

பெண்ணுக்கு நிழல் வேண்டும் என்னும் உள்ளமே இவ்வழக்கத்தை ஈன்ற பண்பாடு. வீட்டின் அளவு சுருங்கலாம், அவ்வுள்ளம் சுருங்கலாகாது.