குட்டைக் கரையில் ஊசித்தட்டான்

எங்கள் ஊர்க் குட்டைக்கு வருகிறவர்கள் பெரிய தட்டானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் தேடிப் போவது அதன் ஒல்லியான உறவுக்காரனை, ஊசித்தட்டானை. தட்டான் உட்காரும்போது சிறகை விமானம் போல விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். கண்ணையும் பாருங்கள். தட்டானுக்குப் பெரும்பாலும் நடுவில் ஒட்டியிருக்கும். இதற்குத் தலையின் இரு ஓரத்திலும் தள்ளியிருக்கும்.

வெயில் ஏறியதும் கரையோரக் கோரையில், முழங்காலுக்குக் கீழே தேடுங்கள். எங்கள் பக்கம் எளிதில் கண்ணில் படுவது மஞ்சள் வயிற்றுக்காரன். மார்பு மட்டும் மங்கிய பச்சை. 1798இல் இதை விவரித்த பூச்சியியலாளர் ஃபெப்ரிசியஸ், நம் சோழமண்டலக் கரையின் பெயரையே வைத்தார்: இன்று அது செரியாகிரியான் கோரமண்டலியானம். பளிச்சென்ற மஞ்சள் ஆணுக்குத்தான். பெண் மங்கல் பழுப்பு. வேறு இனமென்று நினைத்துவிட வேண்டாம். ஜோடி சேர்ந்ததும் ஆண் தன் வால்நுனியால் பெண்ணைத் தலைக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியிலேயே பெண் நீர்ச்செடியின் தண்டைக் கீறி உள்ளே முட்டையிடும். அசையாமல் நின்றால் ஓரடி தூரத்தில் இதைப் பார்க்கலாம். எனக்கு அலுக்காத காட்சி.

இளம்புழு தண்ணீருக்குள் வளரும். வால்முனையில் மூன்று இலை வடிவச் செவுள்கள். கொசுப்புழுவும் அதற்கு இரை.

தூர்வாரும்போது கரைப்புல்லை மொத்தமாக வழித்துவிடுகிறார்கள். முட்டையும் அதோடு போய்விடுகிறது. தயவுசெய்து ஒரு பக்கத்துப் புல்லையாவது விட்டுவையுங்கள்.